ஸ்டெல்லா டீச்சரின் சனிக்கிழமைகள்

காலை ஸ்டடி முடிந்து பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் விடுதி வார்டன் வந்து சொன்னார்: "ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்களாம் சார். தூக்கத்துலயே." நாமக்கல்லில் எங்கள் உறைவிடப் பள்ளியில் அவர் உயிரியல் நடத்தினார், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தோற்றுப்போன கதையைச் சொல்கிறேன். இரங்கல் கூட்டத்தில் அதை யாரும் வாய் திறந்து பேசவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரலாம். அன்று மைதானமெங்கும் பிரியாணி வாசம். பையன்களின் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிச் சோதிக்கும் நாங்கள், பெற்றோரின் பையைத் தொட மாட்டோம். பெற்ற தகப்பன் பிள்ளைக்கு விஷமா கொண்டுவருவான்? அப்படி வந்துகொண்டிருந்தவர்தான் ராசு. திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரைவர், மாதக்கணக்கில் வடக்கே இருந்துவிட்டு ஊர் திரும்பும்போதெல்லாம் வருபவர். மகன் நவீன் எங்களிடம் பதினொன்றாம் வகுப்பு.

நவீன் வகுப்பில் கண் செருகிச் சாய்ந்த அன்று டீச்சர்தான் அவன் பையைப் பார்த்தார். அட்டை அட்டையாக வலி மாத்திரை. கூட்டாளிகளுக்கும் பங்கு போய்க்கொண்டிருந்தது. ராசுவை வரவழைத்து அதைக் காட்டினார். மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"நாந்தானுங்க டீச்சர் கொண்டாந்து குடுத்தேன். வெடியாலயிருந்து உக்காந்து படிச்சு முதுகு வலிக்குதுன்னானுங்க. ரிக்குல குலுங்கி எங்களுக்கு வர்ற வலிக்கு நாங்க போடறதுதானுங்க. வடக்க கடையில டாக்டர் சீட்டே கேக்க மாட்டாங்க."

அது பையனை எப்படி அடிமையாக்கியிருக்கிறது என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னார். கேட்டு முடித்தபோது ராசு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே நவீனுக்கு டி.சி. தயாராகிவிட்டது. வாங்கித் தின்ற மற்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளறினால் ரிசல்ட் நாறிவிடுமே! டீச்சர் தாளாளரின் அறையில் நின்றபடியே சொன்னார்: "டி.சி. குடுத்தா பள்ளிக்கூடம் சுத்தமாயிடும் சார். பையன் ஆக மாட்டான்." தாளாளர் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் பதில்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் மதியம் டீச்சர் திருச்செங்கோடு பஸ் ஏறினார். முதலில் நவீனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், ஓடி வந்துவிட்டான். மறுபடியும் சேர்த்தார், மறுபடியும் வந்துவிட்டான். பிறகு அவன் வீட்டிலேயே எதிரில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடம் நடத்தத் தொடங்கினார். எனக்குக் கடுப்பு. "விழலுக்கு இறைக்கிறீங்க டீச்சர்" என்றேன் ஒருநாள்.

"விழலுக்கும் தாகம் எடுக்கும்ல சார்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வார்டன் சேதி சொன்ன மறுநாள், சனிக்கிழமை, சேலத்தில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு எல்லோரும் கலைந்தபோது ராசு ஓரமாக நின்றிருந்தார். நவீன் வரவில்லையா என்று கேட்டேன்.

"எந்திரிக்கற நெலமையில இல்லீங்க சார். டீச்சர் வருவாங்கன்னு சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் மாத்திரை போடாம இருப்பானுங்க. குளிச்சு, தல சீவி உக்காந்திருப்பான். இன்னைக்கும் அப்படித்தானுங்க இருந்தான். சேதியச் சொன்னேன். கேட்டுட்டு உள்ள போயிப் போட்டுக்கிட்டானுங்க."

ஆக, அத்தனை பஸ் பயணத்துக்கும் பலன் வாரத்தில் ஒரு நாள். எங்கள் பள்ளி மொத்தமும் சேர்ந்து அந்த ஒரு நாளைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சனிக்கிழமைதான். வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்த வாரம் நானே போனேன். நவீன் பாயில் கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைப் பாதி திறந்து, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

"டீச்சர் இன்னும் வரலீங்களா சார்?"