பாப்பாவுக்குத்தான் பயம்

இந்த ஊரில் பழுது பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே குனிந்து, பூட்ஸ் கால்கள் இரண்டுக்கும் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார்கள். தரை அழுக்காகிவிடக் கூடாதாம். நாடு விட்டு இந்தக் கால்கரிக்கு வந்து எட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோய், அதைச் சரிசெய்ய ஓர் ஆள் வந்தான். மகள் செல்வி வேலைக்குப் போயிருந்தாள். கணவர் பக்கத்து மாலில் நடக்கப் போயிருந்தார். கதவைத் திறந்தேன். ஆறடி உயரம், காக்கிச் சட்டை, கனத்த பூட்ஸ். உறையை எடுக்க அவன் பைக்குள் கையை விட்டான், அவ்வளவுதான். நான் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். செல்வி வந்து தட்டும்வரை திறக்கவில்லை. அந்த ஆள் உறை மாட்டிய கால்களோடு மிதியடியிலேயே நின்றுகொண்டு, "உங்கள் அம்மாவிடம் நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா?" என்று அவளுக்குப் போன் செய்து கேட்டானாம். தவறாக நடந்தவன் நீ இல்லையப்பா. அவன் உறை மாட்டாமல் வந்தவன்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, செல்விக்கு இரண்டு. எங்கள் ஆட்கள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். என் கணவரும் கோடாலியோடு போனார். கேட்டது நியாயம்தான். அதனால் கிடைத்த இடத்தில்தான் செல்வி பின்னால் இன்ஜினியரிங் படித்தாள். அவள் படித்ததால்தான் நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போலீஸ் வருகிறது என்றதும் ஆண்கள் அத்தனை பேரும் கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். எந்த ஊர் போலீஸோ தெரியாது. நான் செல்வியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து, அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஒருவன் அரிசி மூட்டையைக் கவிழ்த்தான். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை அதன் மேல் ஊற்றினான். பிறகு அந்த அரிசிமேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்று, "எங்கடி உன் புருஷன்?" என்று கேட்டான். என் முகத்துக்கு நேரே அந்த பூட்ஸ்தான் இருந்தது. என் காலைப் பிடித்து வெளியே இழுத்து லத்தியால் அடித்தார்கள். அத்தனை அடிக்கும் நான் குழந்தையின் வாயை விடவில்லை. அவர்கள் போனபிறகு பார்த்தால் அவள் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அடியை மறந்தாலும் மறப்பேன், அந்தத் தடத்தை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. சோற்றை வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் நாற்றம். எங்கள் பக்கத்தில் குழந்தை பயந்துவிட்டால் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போவது வழக்கம். மாலைத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதிக் குழந்தையின் முகத்தில் ஊதிவிடுவார்கள். சொம்புத் தண்ணீரிலும் ஓதித் தருவார்கள். பயம் என்பது குழந்தைகளுக்கு மட்டும் வருகிற வியாதி என்பதுபோல, அந்த வரிசையில் பெரியவர்கள் யாரும் தங்களுக்காக நிற்பதில்லை. நானும் செல்வியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். நாங்கள் பாத்திரம் வாங்கும் கடைக்கார பாய்தான் முதலில் வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாப்பா நல்லாத்தாம்மா தூங்குது. நீதான் நடுங்கிக்கினு இருக்கிற. உனக்கு ஓதட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க பாய். பாப்பாவுக்குத்தான் பயம்."

அவர் பாப்பாவுக்கே ஓதினார். ஊதிவிட்டு, "பாப்பாவுக்குக் குடுத்துட்டு மீதிய நீ குடிம்மா" என்று சொம்பைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து செல்விக்கு இரண்டு வாய் புகட்டினேன். மீதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். குடித்தால் எனக்குப் பயம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? என்ன திமிர் எனக்கு!

பதினோரு நாள் கழித்து மலையிலிருந்து இறங்கிவந்த கணவர், "ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று பதில் சொல்லும்படியாகவே கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பதினோரு நாள் அவருக்கு வீரக்கதை. மலைக்காரர்கள் கொடுத்த தினைக் கூழ், கொம்புத் தேன், பாறை இடுக்கில் படுத்தது. கால்கரித் தமிழர்கள் வீட்டு விருந்துகளில் எட்டு வருடமாக அதே கதைதான். எல்லோரும் ரசித்துக் கேட்பார்கள். ஃபர்னஸ் ஆள் வந்துபோன அடுத்த சனிக்கிழமையும் ஆரம்பித்தார். தேன் வந்த இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க மலையில தேன் நக்கிக்கினு இருந்தீங்க. நான் வூட்டுல இருந்தேன். அங்க இன்னா நடந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

யாரோ ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள். பேச்சு அதோடு மாறிவிட்டது.

மனநல ஆலோசனைக்குப் போகலாம் என்றாள் செல்வி. கணவர் குதித்தார். "பைத்தியக்கார டாக்டரா? ஊருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவாங்க?" எந்த ஊருக்கு என்று கேட்டேன். ஆலோசனை மையத்தில் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, செல்வியிடம் சிரித்து, "உங்களுக்குத்தானே?" என்று கேட்டாள். நான் சட்டென்று ஆமாம் எனத் தலையாட்டினேன். நாற்பது வயதுப் பிள்ளையை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறேன்! "அம்மா!" என்றாள் செல்வி. அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு உடம்பு கூசியது. என் பெயரைப் பதிந்துகொண்டு ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவளிடம் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஐந்து மாதம் கழித்துத் தனியாக உள்ளே போனேன். செல்வியைவிடச் சின்னவளான ஒரு வெள்ளைக்காரப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் இருந்த போனில் வேறு ஏதோ மாவட்டத்துத் தமிழில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பேசினார். "யாருக்காக வந்திருக்கீங்கன்னு கேக்குறாங்கம்மா."

"எனக்குத்தான்" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அரிசியைப் பற்றிச் சொன்னேன். அவள் இரக்கத்தோடு தலையாட்டி, "உணவை இழந்தது உங்களைப் பாதித்திருக்கிறது" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உணவு இல்லையம்மா. அரிசியில் கால் பட்டால் நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். அதன்மேல் அவன் நின்றான். நான் கத்திவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

யாரும் ஓதாத தண்ணீர். ஊரில் குடிப்பதுபோல அண்ணாந்து குடித்தேன். கொஞ்சம் கழுத்தில் வழிந்து ஸ்வெட்டரை நனைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொண்ணு குடுக்கச் சொல்லுங்க" என்றேன். முதல் டம்ளர் இந்த ஊர்த் தண்ணீர். இரண்டாவது, எங்கள் ஊரில் நான் செடிக்கு ஊற்றியது.