பதுளை வீதியில் பறந்த காட்டுக்கோழிகள்

எழுபதுகளின் கடைசி. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. அழுகிற பிள்ளைகளைச் சமாளிக்க அடுப்புக்கரியால் சுவரில் யானை, குரங்கு என்று ஏதாவது வரைந்து காட்டுவேன். படம் வரைவதில் எனக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான்.

பதுளையில் தோட்டங்களுக்கிடையே நடக்கும் கரப்பந்துப் போட்டியில் அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பெண்களையும் சேர்த்தார்கள். என் அண்ணனின் மனைவி, அதாவது எங்கள் மதினி, செய்தி கேட்டதுமே கொழுந்து பறிக்கும் பெண்களைத் திரட்டி ஓர் அணி அமைத்துவிட்டார். என்னையும் விடவில்லை. வேலை முடிந்து வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் காட்டோரம் மானாப்புல் வெட்டிய ஒரு துண்டு நிலத்தில் பழகினோம். நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்ட பையன்கள் எங்களுக்குக் 'காட்டுக்கோழிகள்' என்று பட்டம் வைத்தார்கள்.

பழகிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிபந்தனை வந்தது. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட வேண்டும். முன்னால் அணியின் அடையாளமும் முதுகில் இலக்கமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட முடியாது. ஆண்கள் அணிக்குத் தோட்டத்து விளையாட்டு மன்றம் கொழும்பிலிருந்து சட்டை எடுத்துக் கொடுத்திருந்தது. நாங்கள் போய்க் கேட்டபோது, இந்த வருஷம் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி விறுவிறுவென்று நடந்து வந்த மதினி லயத்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"கோழின்னுதானே சொல்றானுக? அதையே படமா போடு. சட்டைய நாமளே அடிப்போம்" என்றார்.

துணியில் எப்படி அச்சடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அங்கே எழுத்து வெட்டிய தகரத்தைத் தேயிலைப் பெட்டியின் மேல் வைத்துப் பெயின்ட் பூசித் தோட்டத்தின் பெயரை அச்சிடுவார்கள். அதைப்போலவே ஒரு மட்டையில் சேவல் வரைந்து வெட்டினேன். கண்ணும் இறகின் கோடுகளும் பிடிப்பில்லாமல் கழன்று விழுந்துவிட்டன. சேவலுக்குப் பதிலாக ஒரு ஓட்டைதான் மிஞ்சியது.

வழி கிடைத்தது குசினியில். ரொட்டிக்குக் கோதுமை மா அரித்துக்கொண்டிருந்தேன். அரிப்பின் வலையில் ஈரமாவு ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் மா கீழே இறங்கவில்லை. அப்படியானால் படத்தை ஒரு வலைத்துணியில் ஒட்டிவிட்டால் கண்ணும் இறகும் எங்கே போகும்? முதலில் கொசுவுக்குக் கட்டும் பழைய நுளம்புவலையில் ஒட்டிப் பார்த்தேன். வலையின் ஓட்டைகள் பெரிதாக இருந்ததால் பெயின்ட் வழிந்து எல்லாம் ஒன்றாகிவிட்டது. இன்னும் நெருக்கமான துணி வேண்டும் என்றேன்.

மதினி உள்ளே போய்த் தன் ரோஸ் நிற நைலோன் சேலையை எடுத்து வந்தார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அவர் கட்டுகிற ஒரே சேலை. நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் முந்தானையைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். "இது கெட்டுப்போச்சுன்னா சொல்லு. மிச்சமும் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

உடைந்த தேயிலைப் பெட்டியின் சட்டங்களைச் சதுரமாக அடித்து, அதன் மேல் அந்த நைலோனை இழுத்து ஆணி வைத்தோம். பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் கழுத்தை நீட்டிக் கூவும் சேவலை வெட்டியெடுத்து, ஓட்டை விழுந்த தாளையும் தனியாகக் கழன்ற கண்ணையும் இறகுக் கோடுகளையும் கோதுமைப் பசையால் துணியில் ஒட்டினேன். பெயின்டை இழுத்துவிட ஒரு பழைய ரப்பர் செருப்பின் அடி. முதல் தடவை மண்ணெண்ணெய் அதிகமாகக் கலந்ததால் சேவல் ஊதிப்போய் வாத்து மாதிரி வந்தது. கலப்பதைக் குறைத்து, குறைத்து, தடிப்பான பெயின்டை ஒரே இழுப்பில் இழுத்தபோது, இறகின் கோடுகூடப் பிசகாமல் என் சேவல் பழைய துணியில் எழும்பி நின்றது. மதினி அதைத் தூக்கிக்கொண்டு லயம் முழுவதும் காட்டப் போய்விட்டார்.

அதற்குள் பெண்கள் ஆளுக்கு ஒன்றாகக் கை வைத்த வெள்ளைப் பெனியன் கொண்டுவந்திருந்தார்கள். புருஷனுடையது, தம்பியுடையது. சிலது மஞ்சளடித்திருந்தது. தகர டின்னில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாயப்பொடி கரைத்து எல்லாவற்றையும் நீலமாக்கினோம். பிறகு பிடித்ததே ஒரு மழை. பெனியன் காய்வதாக இல்லை. போட்டிக்கு முதல் நாள்தான் முன்னால் சேவலும் முதுகில் இலக்கமும் அச்சடிக்க முடிந்தது. அடுப்புக்கு மேல் போட்டால் புகையில் வெள்ளைப் பெயின்ட் கறுத்தது. எங்கள் முன்வீட்டு அறையில் கயிறு கட்டிப் போட்டோம். விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் விரலோடு வந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். மதினியோ மூங்கில் கம்புகள் கொண்டுவந்து, பெனியன்களின் கை வழியாக நுழைத்து, ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக விரித்தார். ஒவ்வொரு கம்புக்கும் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. அப்படியே தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கினோம். பஸ் நின்றது. ஆட்களின் உடுப்பில் பெயின்ட் பட்டுவிடும் என்று கொண்டக்டர் ஏற்றவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். சரி, நடப்போம் என்றார் மதினி.

மலையிறங்கிப் பதுளை வரைக்கும் நடந்தோம். டவுன் வீதியில் நுழைந்ததும் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரோ கூவிக்காட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தயவுசெய்து மடித்து எடுத்துப் போவோம், ஒட்டினால் ஒட்டட்டும் என்று மதினியிடம் கெஞ்சினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லா ஒசத்திப் புடி" என்றார்.

அப்போதுதான் ஒரு பேக்கரி வாசலில் நின்ற முஸ்லிம் மனிதர் எங்களை மறித்தார். இடுப்பில் சாரமும் மேலே பெனியனும், கையெல்லாம் மா. அவர்தான் கடைக்காரர் என்று பிறகு தெரிந்தது. என்ன இது, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மதினி விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு சேவலை விரலால் மெல்லத் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"பாண் எல்லாம் எறக்கியாச்சி. போறணைச் சூடு சும்மாதானே போகுது. உள்ளுக்குக் கொண்டு வாங்க" என்று, உள்ளே தெரிந்த பாண் ரொட்டி சுடும் பெரிய அடுப்பைக் காட்டினார்.

பெயின்ட் மணம் பாணில் பிடித்துவிடுமே என்று, அவரை 'நானா' என்று அண்ணன் முறையில் அழைத்துத் தயங்கினேன்.

"மத்தியான மாவைக் கொஞ்சம் பிந்திப் போட்டாப் போகுது. புள்ளைகள் வெளையாடணுமே" என்றார்.

மாவு மூட்டைகளை எடுத்து வேறு அறையில் வைக்கச் சொன்னார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, போறணையின் வாய்க்கு எதிரே எங்கள் கம்புகளை அவரே சாய்த்து வைத்தார். அவருடைய வேலையாட்கள் அடிக்கடி வந்து திருப்பிப் போட்டார்கள். நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் ஒரு சேவலின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்துக் காட்டினார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. மதினி அதுவரை பிடித்துவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

மைதானத்தில் அணிகளைச் சோதித்தவர் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார். சட்டையையும் இலக்கத்தையும் கவனமாகப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளையள், பாண் மணக்குது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பயமெல்லாம் ஓடிவிட்டது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்ததில் தோற்றோம். எங்களை வென்ற அணிப் பெண்கள், அந்தச் சேவலை எங்கே அடித்தீர்கள் என்று வந்து கேட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கும் நான்தான் அடித்தேன். அதற்குப் பிறகு மடுல்சீமை, பூனாகலை என்று பல தோட்டங்களின் சட்டைகள் எங்கள் லயத்து அறையில் அச்சாகிப் போயின.

இன்றும் ஏதாவது ஒரு வேலை பாதியில் நிற்கும்போது, அதை யார் கண்ணிலும் படாமல் மறைக்கத்தான் என் மனம் முதலில் நினைக்கிறது. ஆனால் அன்று மதினி என் பேச்சைக் கேட்டு அந்தப் பெனியன்களை மடித்திருந்தால், உதவி செய்யக் காத்திருந்த ஒரு மனிதருக்கு எங்கள் தேவை தெரியாமலே போயிருக்கும் என்பதை நினைத்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அதை வெளியே எடுத்து வைக்கிறேன்.