எட்டாத கயிறு

கிண்ணியாவில் இருக்கும் றிஷானா, பழைய ஒல்லாந்தர் கப்பல் ஓவியங்களைப் பார்த்து அச்சொட்டாக வரைந்து கொடுப்பவள். ஓர்ஸ் ஹில்லில் கடை வைத்திருக்கும் லக்சன் அவற்றை ஹோட்டல்களுக்கு விற்கிறான்.

அதிகம் கேட்கப்படுவது புயல் படம்தான். கப்பல் சாய்கிறது. கடலில் விழுந்த ஒருவன் கையை நீட்டுகிறான். மேலிருந்து எறிந்த கயிறு அவனுக்கு எட்டவில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்ட இந்த ஹோட்டல்காரர்களுக்கு வேறு படமே கிடைக்காதா?

றிஷானாவின் கணவன் அஷ்ரப் மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை.

போன மாதம் அவள் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் நீட்டி, விழுந்தவனின் கையில் கொடுத்துவிட்டாள். லக்சன் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"அக்கா, அசல் படத்தில கயிறு எட்டேல்லையே. அப்பிடியே கீறித் தாங்கோ."

"ஓம் தம்பி, பிழைதான்" என்று கயிற்றின்மேல் கடலைப் பூசினாள்.

இப்போது அதே படத்தைச் சுவர் அளவுக்குக் கேட்கிறார்கள். சின்னப் படங்களில் கடலில் விழுந்தவனுடைய தலை வெறும் கறுப்புப் புள்ளி. இதில் முகம் வேண்டும். லக்சன் தந்த அசல் படத்தின் போட்டோவில் அது தெளிவாக இல்லை. வானம், பாய், அலை எல்லாம் முடிந்துவிட்டன. தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறாள். வேறு எந்த முகமும் கைக்கு வரமாட்டேன் என்கிறது.