மூட்டைத் தராசில் என் மனைவி

விழுப்புரத்தில் அந்தக் கருத்தரிப்பு மையத்தின் தாழ்வாரத்தில் ஒரு கருவி இருந்தது. வெறுங்காலோடு ஏறி நின்றால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். என் முறை வந்ததும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். கருவி ஏமாறவில்லை. நர்ஸ்தான் சிரித்தார்.

எனக்கும் மனைவி கலைச்செல்விக்கும் நாற்பது நெருங்கிவிட்டிருந்தது. சிகிச்சையில் இரண்டு கருக்கள் தேறின. முதலாவதைக் கருப்பைக்குள் வைத்தார்கள். ஒட்டவில்லை. மிச்சம் ஒன்று உறைநிலையில் (கடுங்குளிரில் வளர்ச்சியை நிறுத்தி வைப்பது) இருந்தது. அதுவும் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க உடம்பிலும் தெம்பில்லை, மனதிலும் இல்லை.

"நல்ல கருன்னுதானே மேடம் சொன்னீங்க?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"பார்வைக்கு நல்லா இருந்துச்சு சார். உள்ள குரோமோசோம்ல (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை) கோளாறு இருந்தா வெளிய தெரியாது. அது நம்ம கையில இல்ல. உடம்பு கொஞ்சம் நம்ம கையில இருக்கு. உங்க வைஃபுக்கு வயித்துக் கொழுப்பு அதிகம், ஹார்மோனக் கெடுக்குது. குறைச்சிட்டு அடுத்தத வைக்கலாம். நீங்களும் குறைங்க."

"எனக்கெதுக்கு மேடம்? என் பங்குதான் முடிஞ்சிபோச்சே."

"உங்களுக்கு இருதயம்னு ஒண்ணு இருக்குல்ல சார்."

திண்டிவனத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி நடத்துகிறவன் நான். டாக்டரம்மா தந்த உணவு அட்டவணை எனக்கு மிகவும் மெதுவாகத் தெரிந்தது. காலையில் வெந்நீர், இரவில் அரை டம்ளர் கேப்பைக் கூழ் என்று நானே ஒன்று வகுத்தேன். வாரா வாரம் கலையை மூட்டைத் தராசில் ஏற்றினேன். எடை இறங்க இறங்க என் பயமும் இறங்குவதாக ஒரு பிரமை.

"இன்னாங்க, படி ஏறவே முடியல."

"எடை எறங்கிக்கினு இருக்குதுல்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்று அவளுக்கு நானே டாக்டரானேன்.

மறுபடி விழுப்புரம் போனோம். கருவி கொடுத்த தாளை டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார்.

"எடை குறைஞ்சிருக்கு. ஆனா போனதுல பாதிக்கு மேல தசை. பட்டினி கிடந்தீங்களாம்மா?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கலை கேட்டாள். "மண்டியில மூட்டைய எடை மட்டும் போட்டா வாங்குவீங்க?"

"இல்ல. ஒரு பிடி எடுத்து உடைச்சி, பருப்பு எவ்ளோ, தோலு எவ்ளோன்னு பாப்பேன்."

"என்ன மட்டும் ஏன் மூட்டையோட போட்டீங்க?"

திரும்பும் வழியில் ஒரு அட்டை முட்டை வாங்கினேன்.

அதன்பின் முட்டை, பயறு, விடியலில் ஏரிக்கரை நடை. கலை தண்ணீர்க் குடங்களைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தாள். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது அவள் கால்கள் இறுகியிருந்தன. கொழுப்பும் குறைந்திருந்தது. "இது உதவலாம், உறுதி சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் டாக்டரம்மா கடைசிக் கருவை வைத்தார்.

ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது.

பஸ்ஸில் நாங்கள் அழவில்லை. நான் நேராக மண்டிக்குப் போய், விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையில் ஒரு பிடி எடுத்து உடைத்தேன். எல்லாம் முற்றிய பருப்பு. இதில் எது முளைக்கும் என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அப்படியொரு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கலாம். எடையை மட்டும் நம்பாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஆகாமல் போகலாம். அப்போது ஒருவரையொருவர் தராசில் ஏற்றாதீர்கள்.

மறுநாள் விடியலில் கலை செருப்பை மாட்டினாள்.

"இனிமே எதுக்கு கலை?"

"காலு கேக்குதுங்க."

இன்றும் போகிறோம். முன்பெல்லாம் ஏரிக்கரைத் திருப்பத்தில் கைக்கடிகாரம் பார்ப்பேன். இப்போது அதைக் கட்டுவதில்லை. கலை முன்னால் போய், "ஜல்தி வாங்க" என்கிறாள். எங்கே போய்ச் சேர என்று அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. வயிற்றை எக்காமல், பின்னால் நடக்கிறேன்.