ராஜாத்தி அக்கா வைத்த முறை

1. முதல் நாள்

ஏற்காட்டில் எங்கள் மனநல மருத்துவமனை இருந்த கட்டடத்தில் இப்போது தங்கும் விடுதி நடக்கிறது. ஒரு ராத்திரி அங்கே தங்குவதற்குப் பணம் கட்டி வருகிறார்கள். எங்கள் காலத்தில் உள்ளே இருந்தவர்கள், எப்போது வெளியே விடுவீர்கள் என்று கேட்டபடி இருந்தார்கள். அங்கே அட்டெண்டராகச் சேர்ந்து, அது மூடப்பட்ட நாள்வரை வேலை பார்த்தவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னால், எனக்கு முதலில் வாயில் வருவது ராஜாத்தி அக்காவின் பெயர்தான்.

சேர்ந்த அன்று எனக்கு உள்ளூர உதறல். நாகலூர் எஸ்டேட்டில் காப்பி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு மனநோய் என்றால் சினிமாவில் பார்த்ததுதான் தெரியும். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனேன். வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எந்த ஊர், யார் மகன், அம்மா எந்தப் பக்கம் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தனக்கு ஓமலூர்ப் பக்கம் என்று சொல்லி, விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"அப்ப நீ எனக்குத் தம்பி முறை சாமி. அக்கான்னு கூப்புடு."

நம் சொந்தக்காரர் ஒருவர் இங்கே வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஓமலூர்ப் பக்கம் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா தூங்காமல் யோசித்ததுதான் மிச்சம். மறுநாள் மருந்து கொடுக்கும் நேரத்தில் அக்காவும் வரிசையில் நின்றபோதுதான் அவர் அங்கே நோயாளி என்பது எனக்குப் புரிந்தது.

2. பஜார் முழுக்கச் சொந்தம்

அக்கா யாரையும் சும்மா விட்டதில்லை. அவரைவிட வயதில் சின்னவரான டாக்டர் அவருக்கு மாமா. தலைமை நர்ஸ் அண்ணி. வாரம் ஒருநாள் சிலரைப் பஜாருக்குக் கூட்டிப்போவோம். அங்கே மளிகைக்கடை காசிம் பாய் பெரியண்ணன். ஒருமுறை வைத்த முறையை அக்கா மாற்றியதே கிடையாது. நோன்பு மாதத்தில் பெரியண்ணன் வீட்டிலிருந்து வார்டுக்குக் கஞ்சி வரும். தங்கச்சிக்குக் கொடுக்காமல் நான் எப்படிக் குடிப்பது என்பார் பாய்.

இத்தனை பேருக்கு முறை வைத்தவருக்குச் சொந்த அண்ணன் ஒருவர் இருந்தார். குழந்தை பிறந்து, அதுவும் தங்காமல் போய், அக்காவுக்குப் புத்தி தடுமாறியபோது கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். கொஞ்ச காலம் வந்தார். பிறகு வரவில்லை. அவரைப் பற்றி அக்கா பேசமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

வார்டில் ஆயாவாக இருந்த செம்மநத்தம் சரோஜாவை அக்கா மகளே என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் சரோஜாவுக்கும் பிடித்துப்போனது. இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டோம். ஆனாலும் வார்டே எங்களைப் பிடித்துக்கொண்டது. அக்கா வைத்த முறைப்படி கட்டலாமா கூடாதா? நான் தம்பி, அவள் மகள். கணக்குப் போட்டால் நான் தாய்மாமன்.

"முறைதான், கட்டிக்க. ஆனா எம் மவ கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா தம்பின்னும் பாக்கமாட்டேன்" என்றார் அக்கா.

டாக்டரிடம் அனுமதி வாங்கிக் கல்யாணத்துக்கு வந்தார். பெண் வீட்டார் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தில் இனிப்பு பத்தவில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று அவருக்கு இருந்த மிடுக்கை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

3. நர்ஸு என்று கூப்பிட்ட நாள்

ஷிஃப்ட் மாறும்போது அக்காவைப் பற்றி நாங்கள் ஒன்றுதான் கேட்டுக்கொள்வோம். முறை சரியாக இருக்கிறதா? அக்காவுக்கு நோய் திரும்பும்போது முதலில் போவது தூக்கமோ பசியோ அல்ல. அண்ணி என்று கூப்பிட்டவரை நர்ஸு என்பார். எங்கள் எல்லாரையும் முன்பின் தெரியாதவர்களைப் போலப் பார்ப்பார். டாக்டர் உடனே மருந்தைக் கவனிப்பார். சில நாளில் அண்ணி மறுபடியும் அண்ணியாகிவிடுவார். இது எங்களுக்குத் தெர்மாமீட்டர் போல. ஒருமுறையும் தப்பியதில்லை.

மருத்துவமனையை மூடுகிறார்கள் என்ற செய்தி வந்தது. வீட்டார் வந்து கூட்டிப்போகிறவர்கள் போகலாம். யாருமில்லாதவர்கள் கீழே சமவெளியில் தூரத்தில் இருக்கும் ஒரு இல்லத்துக்குப் போகவேண்டும். அக்காவின் அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். சேதி அக்காவுக்கும் தெரிந்தது.

அந்த வாரமே அக்கா என்னை, "அட்டெண்டரே" என்றார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். தலைமை நர்ஸை நர்ஸு என்றார். பஜாரில் காசிம் பாயைக் கடைக்காரரே என்று கூப்பிட, அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார். தங்கச்சி கோபப்படும்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டருக்கும் வேறு யோசனை இல்லை. மாத்திரையைக் கூட்டினார். அக்கா பகலெல்லாம் தூங்கினாரே தவிர முறை திரும்பவில்லை. இந்த நிலையில் இல்லம்கூடச் சரிவராது, பெரிய மருத்துவமனைக்கே அனுப்பவேண்டியிருக்கும் என்று பேச்சு வந்தது.

சரோஜாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நோய் வந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார், இப்போது திருப்பிக்கொள்கிறார் என்றாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டாளாம்.

"ஏனுங்கம்மா, என்னைய ஆயான்னு கூப்புடுறீங்க?"

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாராம்.

"போறவளுக்கு எதுக்குடி கண்ணு மொறை? இப்பவே அத்துக்கிட்டா அங்க போயி அழவேண்டாமில்ல."

சரோஜா ஓடிவந்து இதைச் சொன்னபோது டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அன்றே மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். துக்கத்தைப் போய் நோய் என்று எண்ணிவிட்டோம்.

4. அதிகாரி கேட்டது

சேலத்திலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் நான் முந்திக்கொண்டேன். சரோஜாவும் நானும் முதல்நாளே பேசி முடிவு செய்திருந்தோம்.

"எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறமுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இவங்களுக்கு யாரு?"

"தம்பிங்க. மாப்பிள்ளையும் நாந்தானுங்க."

"அக்கா மகளைக் கட்டியிருக்கீங்களாக்கும்" என்று இயல்பாகச் சொல்லி எழுதப் போனார். பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாதே என்று, ரத்த சொந்தம் இல்லை, அக்காவாக வைத்த முறை என்று விளக்கினேன். பேனா நின்றது. இதுவும் இவரது நோயில் சேர்த்தியா என்று டாக்டரைக் கேட்டார்.

"இல்லீங்க சார். இவங்க நல்லா இருக்காங்கன்னு எங்களுக்குச் சொல்றதே அந்த முறைதான்" என்றார் டாக்டர்.

அதிகாரி அக்கா பக்கம் திரும்பி, இவர்களோடு போகச் சம்மதமா என்று கேட்டார். அட்டெண்டர் வீட்டுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அக்கா என்னையும் சரோஜாவையும் மாறிமாறிப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ள ஊட்டுல மாமியாக்காரி போயி உக்காந்துக்கிட்டா ஊரு என்னங்க பேசும்?"

சரோஜா பிடித்துக்கொண்டாள். "தம்பி ஊடுன்னு வாங்கம்மா. அக்கா வந்தா யாரு என்ன சொல்லுவா?"

அக்கா அதை யோசித்துப் பார்த்தார். "அது நாயந்தான்" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். கடையிலிருந்து வந்திருந்த காசிம் பாயும் பொறுப்பேற்று ஒரு கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதிவிட்டு, அதை அடித்துத் திருத்தவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அதிகாரி.

5. கதவு

வீட்டுக்கு வந்த புதிதில் அக்கா காலையில் எழுந்து குளித்துவிட்டு, கதவுக்கு உள்பக்கமாக வந்து நிற்பார். வார்டில் இருந்ததைப் போல யாராவது திறந்துவிடவேண்டும். வெறும் கொண்டிதான், கையை வைத்தால் திறந்துகொள்ளும். சொன்னால் சரி என்பார். மறுநாளும் வந்து நிற்பார்.

ஒருநாள் நாங்கள் எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, அக்காவைக் காணோம். நாகலூர் பஸ் ஸ்டாப்புவரை செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அங்கே அக்கா தூக்குப்போசியில் பாலோடு நின்று, எஸ்டேட்டுக்குப் போகும் ஒரு பெண்ணிடம் அவள் அம்மா எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"எதுக்கு இப்படி ஓடியார? எங்கூட்டுக்குப் பாலு வாங்கறதுக்கு நான் யாருகிட்ட சொல்லிட்டு வரோணும்?"

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. தூக்குப்போசியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அக்கா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். அது வேண்டியதுதான், நிறுத்தக்கூடாது. ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் ஏதாவது மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதோடு விட்டுவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று அவரையே கேளுங்கள். சரோஜா அன்று கேட்டாள். அதனால்தான் எங்கள் வீட்டில் தினமும் எங்களுக்கு முன்னால் எழுந்து கதவைத் திறந்துவைக்க ஒருவர் இருக்கிறார்.