காயாத பெயர்

அரச ஊழியர் ஒருவர் தம்மோடு வேலை செய்பவர்களிடமிருந்து பிரியாவிடைப் பத்திரமோ பரிசோ பெறுவதானால், திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். விதி இவ்வளவுதான். அது சேவையில் இருப்பவருக்கு உரியது. ஓய்வு பெற்று வாசலைத் தாண்டிய மனிதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. யாராவது இதை ஒழுங்காக வாசித்திருந்தால் நான் இன்று உங்களிடம் பேய்க்கதை சொல்லவேண்டி வந்திராது.

பேய் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததில்லை. சேவைக்காலம் முழுவதும் ஆதாரம் இல்லாத ஒரு தாளையும் நான் மேலே அனுப்பியதில்லை. மருதனார்மடத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பனையில் முனி இருக்கிறது என்று ஆட்கள் சுற்றி நடப்பார்கள், நான் அதிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சந்தைக்குப் போவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் எழுத்து. கதை, கவிதை அல்ல, எழுத்தின் உருவம். வேலை முடிந்து கந்தோர் விட்டு வந்து தேநீர் குடித்ததும் சாப்பாட்டு மேசையில் தடித்த தாளை விரித்து, தட்டை நிப்பை இந்தியன் மையில் தோய்த்து உட்காருவேன். அந்த நிப்பு ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்டது. அதனால் 'ண' எழுதப் போனால் இரண்டாவது சுழியிலேயே முரண்டு பிடிக்கும். பேனையைத் திருப்பக்கூடாது, தாளைத்தான் திருப்பவேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் போனது. கலியாண வீட்டு வாழ்த்துப்பா, கோயில் திருவிழா அறிவித்தல், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்று மேசையில் காய்ந்துகொண்டே இருக்கும். "உந்த மேசையிலை சோறு வைக்கிறதுக்கும் அனுமதி எடுக்கவேணுமோ?" என்று மனைவி கேட்பாள்.

எங்கள் கந்தோரில் பதிவறையைப் பார்த்தவர் நாகமணி அண்ணை. பெரிய கெட்டிக்காரர் இல்லை, உண்மையைச் சொன்னால் அறுவை. கோவைகளை ஊசி நூலால் தைக்கும்போது ஊசி ஏறி, வலது சுட்டுவிரல் நுனியில் குறுக்கே ஒரு தழும்பு. அந்த விரலை வரிக்கு மேல் வைத்து நகர்த்தாமல் அவருக்கு எதையும் வாசிக்க வராது. அதற்காகவே அவரை "குருடன் கோலூன்றி வாறார்" என்பார், எழுத்தர்களுக்கெல்லாம் மேலே இருந்த எங்கள் பிரதம லிகிதர் துரைசிங்கம். துரைசிங்கத்தாருக்கு அந்தக் கந்தோரில் பிடித்த பொருள்கள் இரண்டு: விதிக்கோவையும் இடுப்பில் செருகிய அலுமாரித் திறப்பும்.

நாகமணி அண்ணை ஓய்வு பெறும் மாதம் வந்தது. வழக்கம்போலப் பிரியாவிடைப் பத்திரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அவருக்கு அதில் ஒரு காரியம் இருந்தது. ஒரே மகளுக்கு உடுப்பிட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அந்த வீட்டு விறாந்தையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரங்கள் வரிசையாகத் தொங்கின.

"எனக்கு ஒண்டு காணும் தம்பி," என்றார் நாகமணி அண்ணை. "மாப்பிள்ளை வீட்டார் வரேக்கை சுவரிலை என்ரை பேரும் இருக்கவேணும். ஆணி அடிச்சிட்டன்."

வரிகளை முதலில் எழுதி, பெயரைக் கடைசியில் பெரிதாக எழுதுவது என் வழக்கம். 'க. நாகமணி' என்று எழுதி முடித்தபோது, என் வாழ்நாளில் எழுதிய ணகரங்களில் அதுதான் சிறந்தது என்று எனக்கே தெரிந்தது. இரவு காயவிட்டேன். காலையில் வரிகள் எல்லாம் காய்ந்திருந்தன. பெயர் காயவில்லை. ஒரே போத்தல், ஒரே தாள், ஒரே நிப்பு. மையொற்றுத் தாளை வைத்து எடுத்தேன். பெயர் இடம்வலம் மாறி அதில் பதிந்தது, ஆனால் பத்திரத்திலிருந்த பெயர் ஒரு பொட்டும் மங்கவில்லை, ஈரமும் போகவில்லை. வெயிலில் வைத்தேன். மையில் பிசின் கூடிவிட்டது என்றேன், சோளகக் காற்றின் உப்பு என்றேன், மனைவியின் மீன்சட்டி ஆவி என்றும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் கண்ணாடி பெயரில் முட்டாதபடி சுற்றிவரக் கரை அட்டை வைத்து, குருநகரில் ஒரு கடையில் சட்டம் போட்டுப் பின்பக்கத்தை ஒட்டி ஆணி அறைந்து கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

பிரியாவிடைத் தேநீருக்கு வடையும் வந்துவிட்டது, நாகமணி அண்ணை வெள்ளைச் சால்வையோடு வந்துவிட்டார். துரைசிங்கத்தார் விதிக்கோவையோடு வந்தார்.

"அனுமதி எங்கை, ஐசே?"

அதுவரை யாருக்கும் கேட்கப்படாத அனுமதி. அவருடைய மைத்துனருக்கு நான் எழுதிய பத்திரத்துக்கும் யாரும் கேட்டதில்லை. நான் சொன்னேன், "நாளைக்கு அண்ணை சேவையிலை இல்லை. நாளைக்குக் குடுத்தால் விதி பொருந்தாது."

"எழுதின நாளிலை உவர் சேவையிலை இருந்தவர்," என்றார். "எழுதின நாள்தான் கணக்கு. வடையைச் சாப்பிடுங்கோ, அதுக்கு விதி இல்லை."

பத்திரம் மண்ணிறத் தாளில் சுற்றப்பட்டு அவருடைய அலுமாரிக்குள் போனது. விண்ணப்பம் நான்தான் எழுதினேன். அரசகரும மொழியான சிங்களத்தில் மொழிபெயர்ப்பு இல்லாமல் கொழும்புக்கு அனுப்ப முடியாது என்றார். முன்வீதி பேக்கரி முதலாளி சிங்களவர், அவர் மா படிந்த கையோடு வந்து, நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதித் தந்தார். "நாகமணி ஐயாவுக்கா? நல்ல மனுசன்," என்றார். விண்ணப்பம் போனது. பதில் வரவில்லை.

மகளின் கலியாணம் வெறும் ஆணியோடு நடந்தது. அதன் பிறகும் அண்ணை ஓய்வூதியம் எடுக்க வரும்போதெல்லாம் கந்தோருக்குள் எட்டிப் பார்ப்பார். "வந்திட்டுதோ?" இல்லை என்பேன். ஒருநாள் துரைசிங்கத்தாரிடமே போனார். இருமலில் ஆள் பாதியாகியிருந்தார்.

"ஐயா, கொண்டுபோகக் கேக்கேல்லை. ஒருக்காப் பாக்கலாமோ?"

துரைசிங்கத்தார் அலுமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். கந்தோரே வேலையை நிறுத்திப் பார்த்தது.

"தொட்டுப் பாரும், உமக்கு அது போதும்."

அண்ணை மண்ணிறத் தாளின் மேல் அந்தச் சுட்டுவிரலை வைத்தார்.

"உள்ளுக்கை உம்மடை பேர்தான். எங்கடை சித்திரக்காரன் நல்ல பெரிசா எழுதியிருக்கிறார். ஆனால் பாக்கிறதும் பெறுகிறதும் ஒண்டுதான்." பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார். மேசைகளுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. அண்ணையும் சிரித்தார், அதுதான் சகிக்க முடியாமல் இருந்தது.

மாரி தொடங்குமுன் அவர் செத்துப்போனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனபோது பார்த்தேன், ஆணி அப்படியே இருந்தது. அதில் யாரோ மணிக்கூட்டைக் கொழுவப் பார்த்து, அவர் மனைவி விடவில்லையாம்.

எழுதுபொருள் எடுக்க அலுமாரி திறக்கப்படும் போதெல்லாம் நான் பொட்டலத்தின் ஒரு பக்கத்தை விலக்கிப் பார்ப்பேன். கண்ணாடிக்கு அடியில் அந்தப் பெயர் இப்போதுதான் எழுதியதுபோல மினுங்கும். ஆள் இருந்தபோதும் ஈரம், போனபின்பும் ஈரம். அவரின் ஆண்டுத் திவசமும் வந்துபோனது. ஒரு பூரணைப் போயா விடுமுறைக்கு முந்திய நாளும் பார்த்தேன், பெயர் ஒரு கீறலும் இல்லாமல் ஈரமாகத்தான் இருந்தது. துரைசிங்கத்தார் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார். கந்தோர் மூடப்பட்டது.

விடுமுறை முடிந்து வந்த காலைத் தபாலில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. சிங்களத்தில் வந்தது. பேக்கரி முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் வாசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"அனுமதி தந்திருக்கு. பத்திரம் குடுக்கலாம். கிடைச்சது எண்டு நாகமணி ஐயா ஒப்பம் வைச்சு அனுப்பவேணுமாம்." சுற்றிப் பார்த்தார். "ஐயா எங்க?"

அண்ணை ஒரு வருசத்துக்கு மேலாகப் பாண் வாங்க வராததை, ஓய்வு பெற்றவர் இந்தப் பக்கம் வருவதில்லை என்றே அவர் விளங்கியிருந்தார்.

"சுடலையிலை," என்றார் துரைசிங்கத்தார். தன் பகிடியில் தானே குலுங்கி என்னைப் பார்த்தார். "ஐசே, சட்டத்தைக் கொண்டுபோய்ச் சாம்பலுக்கு மேலை பிடியும். கைநாட்டு எண்டாலும் போதும்."

சொல்லிக்கொண்டே அலுமாரியைத் திறந்தார், பொட்டலத்தைத் தன் கையாலேயே பிரித்தார். சிரிப்பு இடையில் அறுந்தது.

பெயர் காய்ந்திருந்தது. நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒட்டிய தாள் கிழியவில்லை, ஆணிகள் அறைந்தபடி இருந்தன. கண்ணாடிக்கு உள்ளே, பெயரின் மேல், 'க'வில் தொடங்கி 'ணி' வரை ஈர மையில் ஒரு விரல் மெதுவாக இழுத்துச் சென்ற தடம் காய்ந்துபோய்க் கிடந்தது. முடிவில் விரல் நின்ற இடத்தில் ஒரு முழுப் பதிவு. ரேகைகளுக்குக் குறுக்கே தழும்பின் கோடு.

பேக்கரி முதலாளி கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். துரைசிங்கத்தார் கதிரையில் இருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஒப்பம் கிடைச்சதெண்டு எழுதி அனுப்பும்."

எழுதி அனுப்பினேன். மேலே யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணையின் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார், தடம் போகவில்லை, திரும்பவும் துடைத்தார். பிறகு கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "உந்த மனிசன் எப்பவும் இப்படித்தான், விரல் வைக்காமல் வாசிக்க மாட்டுது," என்று சலித்துக்கொண்டு, ஆணியில் கொழுவினார்.

பெயரோடு அது முடிந்திருந்தால் நானும் பிசின், உப்பு என்று ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். பத்திரத்தின் வலது மூலையில், எழுதியவர் என்று என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். அது முதல் இரவே காய்ந்தது, நானே தடவிப் பார்த்தேன். சட்டம் ஆணியில் ஏறிச் சாய்ந்தபோது வெளிச்சம் அந்த மூலையில் பட்டது. அங்கேயும் அந்த விரல் நின்றிருந்தது. யார் எழுதியது என்று பார்த்திருக்கிறார். விரல் பதிவுக்கு அடியில் என் பெயர் ஈரமாக மினுங்கியது.

இப்போது அது மகளின் வீட்டில், உடுப்பிட்டியில், மற்றப் பத்திரங்களின் நடுவே தொங்குகிறது. கொண்டாட்டம் ஏதும் வந்தால் கூப்பிடுவார்கள், போவேன், சாப்பாட்டுக்கு முன் அந்த மூலையைப் பார்ப்பேன். இத்தனை வருடமாகியும் என் பெயர் இன்னும் காயவில்லை. நான் எதற்கும் விண்ணப்பித்தவன் அல்ல, என்ன பதிலுக்காக அது காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணைக்குரிய பதில் மட்டும் வந்து முடிந்தது. அந்தக் கடிதத்தில் உள்வரவு முத்திரையை அன்று காலை நானே குத்தினேன்: 19 ஒக்டோபர் 1967.