உபைதுல்லாவின் ஐந்தாவது வரிசை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை உபைதுல்லா என்றால் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். லாரி மேடையில் ஏறியதும் டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகிப்போனால் மெஷினை ஒரு தட்டு தட்டுவார். தன் தப்பு என்று மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு கிரிக்கெட் டீமுக்குப் பதினாறு வருடமாக அவர்தான் கேப்டன். நான் அலெக்ஸாண்டர், விக்கெட் கீப்பர், பேட்டிங்கில் கடைசி ஆள். அதே மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறேன். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். இந்த மனுஷனிடம் எனக்குப் பாசமும் உண்டு, எரிச்சலும் உண்டு.

இந்த வருட டென்னிஸ் பால் போட்டி திருவொற்றியூர் பக்கம் நடந்தது. ஞாயிறுக்கு ஒரு மேட்ச், எட்டு ஓவர். எங்கள் பந்துவீச்சு பிரமாதம். பேட்டிங்தான் வாயில் வைக்க முடியாது. முதல் மேட்ச்சில் முப்பத்தெட்டு ரன் எடுத்துத் தோற்றோம்.

"வரிசைல தான்டா கோளாறு" என்று சொல்லி, எடைச்சீட்டின் பின்பக்கம் புது பேட்டிங் வரிசை எழுதினார் உபைதுல்லா. இடது கை ஒவைஸை மேலே ஏற்றினார். நாற்பத்தொன்று. அடுத்த வாரம் சீட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசி ஆளை முதலில் இறக்கினார். அந்தக் கடைசி ஆள் நான். இரண்டாவது பந்தில் திரும்பி வந்தேன். அதற்கடுத்த வாரம் ஒரு இடது கை, ஒரு வலது கை என்று ஜோடி ஜோடியாக அனுப்பினார். இந்த இரண்டு தடவையும் நாற்பதுக்கு மேல் போகவில்லை.

நாலாவது தோல்விக்கு அப்புறம் டீக்கடையில் வைத்து எல்லார் முன்னாலும் அறிவித்தார். "அஞ்சாவதுலயும் தோத்தா கேப்டன் போஸ்ட்ட மஜீதாண்ட குட்த்துட்டு நான் ஒதுங்கிக்கிறேன். ஆனா தோக்க மாட்டோம். வரிசை ரெடியா கீது."

எங்களோடு ஆடும் மஜீது பெருமைப்படவில்லை, பயந்துதான் போனான். தெருவில் சின்னது பெரிசு எல்லாம் அவரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடும். அது போய்விட்டால் மனுஷன் உடைந்துவிடுவார்.

புதன்கிழமை மத்தியானம் பொன்ராஜ் என்கிற டிரைவர் கம்பி ஏற்றிய டிரெய்லரோடு வந்தான். எடை அனுமதித்ததைவிட ஒரு டன் அதிகம்.

"பின்னால கீற கட்டெல்லாம் முன்னால வெச்சுகினு வர்றேண்ணே. எடை கொறைஞ்சுடும்" என்றான்.

உபைதுல்லா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா நைனா, காமெடி பண்றியா? முன்னால வெச்சா இன்னா, பின்னால வெச்சா இன்னா? அதே கம்பிதான? மொத்தம் எப்டி மாறும்..."

அப்படியே நின்றுவிட்டார். அவர் சட்டைப் பையில் ஐந்தாவது வரிசை எழுதிய சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "அதையேதான் மாமு நானும் சொல்லிகினு கீறேன்" என்றேன். சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் தெருவில் பயிற்சி. எங்கள் தெருவில் ஒரு ரூல் உண்டு: பந்து யார் வீட்டு மேலேயாவது போனால் அவுட். பதினாறு வருடத்துக்கு முன்னால் மஜீது அடித்த பந்து ஷம்ஷாத் அக்கா வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துப் பெரிய சண்டையாகிவிட்டது. கேப்டன் ஆனதும் உபைதுல்லா போட்ட முதல் ரூல் அதுதான். அதற்கப்புறம் தெருவில் சண்டையே வந்ததில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

துணி காயப்போட மாடிக்கு வந்த ஷம்ஷாத் அக்கா கீழே எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா உபைது, வாரா வாரம் வரிசைய மாத்திகினு கீறியாமே?"

"ஆமாக்கா. நாலு மேட்ச் ஊத்திகிச்சு."

"அந்த வரிசைல கீற ஒருத்தனுக்காச்சும் பந்தைத் தூக்கி அடிக்கத் தெரியுமா? எல்லாரும் தரையிலயே உருட்டிகினு கீறீங்க."

"உங்க ஷீட்டுக்குத்தான்க்கா."

"எந்த ஷீட்டு? நான் இன்னா அந்தரத்துலயா நின்னுகினு கீறேன்? தளம் போட்டு ஆறு வருஷமாச்சு."

பதினோரு பேரும் அண்ணாந்து பார்த்தோம். அந்தத் தளத்துக்கு ஜல்லி தூக்கிக் கொடுத்ததே நாங்கள்தான். ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

உபைதுல்லா பையிலிருந்த சீட்டை எடுத்துக் கிழித்தார். "என் தப்புதான்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ரூலு கேன்சல். தூக்கி அடிங்கடா."

மூன்று சாயங்காலம் பந்து மாடிக்குப் பறந்தது. ஷம்ஷாத் அக்கா திட்டிக்கொண்டே எடுத்துப் போட்டார். மஜீதும் ஒவைஸும் பழகிவிட்டார்கள். உபைதுல்லாவுக்குத்தான் கை வரவில்லை. மட்டையை ஓங்குவார், கடைசி நேரத்தில் பந்து தரையில் உருளும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுத்த வரிசை, முதல் மேட்ச்சில் ஆடிய அதே வரிசை. "இதுல இன்னா மாமு புச்சு?" என்றேன்.

"வரிசை பழ்சுதான். அடிதான்டா புச்சு."

எண்ணூர் டீம் ஐம்பத்திரண்டு எடுத்தது. எங்கள் பக்கம் மஜீது இரண்டு சிக்ஸர், ஒவைஸ் ஒன்று. ஆனால் ஒரு முனையில் எங்கள் விக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் இறங்கிய உபைதுல்லா மட்டும் ஒவ்வொரு ரன்னாக உருட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசி ஆளாக நான் போனபோது இரண்டு பந்து பாக்கி, நாலு ரன் வேண்டும், பந்தை ஆட வேண்டியது உபைதுல்லா.

"தூக்கு மாமு" என்றேன்.

தூக்கினார். பந்து பௌலர் தலைக்கு மேலே எழும்பி, மைதானத்து மதிலைத் தாண்டி வெளியே போனது. திரும்பிப் பார்த்தால், மனுஷன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி விடுவிடுவென்று வெளியே நடந்துகொண்டிருக்கிறார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"எங்க மாமு போற?"

"மேல போய்ச்சு இல்ல? அவுட்டுடா."

"சிக்ஸு மாமு! அம்பயர் கையப் பாரு!"

பார்த்தார். இரண்டு கையும் மேலே இருந்தது. உபைதுல்லாவின் கண் கலங்கிவிட்டது.

"வா கேப்டன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.